பத்து சென்ட் காசும் தோல் வாளியும்

“அமெரிக்கர்கள் ஆண்டுதோறும் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்கிறார்களே, அது மனமுவந்த கொடையா, வரியை மிச்சம் பிடிக்கும் கணக்கா? இந்தப் பழக்கம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக நான் தேடித் தேடிப் படித்துவரும் விஷயம் இது. அதனால் பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரியை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு தரும் சட்டம் 1917இல் வந்தது. முதல் உலகப் போருக்காக வரியைக் கடுமையாக உயர்த்தினார்கள். வசதி படைத்தவர்கள் கல்லூரிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் கூடவே இந்த ஏற்பாட்டையும் செய்தார்கள். அப்போது ஹார்வர்டு கல்லூரிக்கு வயது 281. சட்டம் வருவதற்கு மிக நீண்ட காலத்துக்கு முன்பே பழக்கம் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பெரும் பணக்காரர்கள் விஷயத்தில் வரிக்கணக்கு நிச்சயம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. சாதாரண மக்கள் கதை வேறு. 2018ஆம் ஆண்டுக்குப் பிறகு வரிக்கணக்குத் தாக்கல் செய்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் நன்கொடையைத் தனியே கணக்குக் காட்டாமல், எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவையே எடுத்துக்கொண்டார்கள். கொரோனா காலத்தில் கிடைத்த சிறு விலக்கைத் தவிர, தேவாலயத்துக்கோ உணவு வங்கிக்கோ அவர்கள் கொடுத்த பணத்தால் வரி குறையவில்லை. குறையாது என்று தெரிந்தும் கொடுத்தார்கள்.

சரி, பழக்கம் எங்கிருந்து வந்தது? குடியேறியவர்கள் வந்து இறங்கிய இடத்தில் ஊர் இருந்தது. அவர்களுக்கென்று ஓர் அரசு இருக்கவில்லை. மன்னர் கடலுக்கு அப்பால் இருந்தார். பள்ளிக்கூடம் வேண்டுமா, பாலம் வேண்டுமா, அனாதைக் குழந்தைக்கு ஓர் இடம் வேண்டுமா, தாங்களே கூடித்தான் செய்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த மண்ணில் முதலில் கொடுத்தவர்கள் அவர்களும் அல்லர். 1621இல் பிளிமத் குடியேற்றத்தார் பசியில் தவித்தபோது மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி மனிதர். கொடையின் வரலாற்றைக் கோடீசுவரர்களிலிருந்து தொடங்குகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1638இல் ஜான் ஹார்வர்டு என்ற இளம் போதகர் இறந்தபோது தம் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் புதிதாகத் தொடங்கிய கல்லூரிக்கு எழுதிவைத்தார். கல்லூரி அவர் பெயரை ஏற்றது. மூலதனத்தைத் தொடாமல் அதன் வருமானத்தைக் கொண்டு காலாகாலத்துக்கும் நடத்துவது என்ற நிலைநிதி முறை அங்கே வேரூன்றியது இப்படிப்பட்ட கொடைகளால்தான். அதே ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டியதும் இதே முறையில்தான். அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். தமிழ்நாடு அரசு பத்துக் கோடி ரூபாய் தந்தது. மிச்சத்தை உலகெங்கும் உள்ள தமிழர்கள் நிரப்பினார்கள். 2018இல் இலக்கு எட்டப்பட்டது.

தமிழ் மண்ணுக்கு இதைவிடப் பழைய தொடர்பும் ஒன்று உண்டு, கசப்பானது. பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையாக 1672இல் சென்னைக்கு வந்தவர். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். முறைகேட்டுப் புகாரில் பதவி போனாலும் சேர்த்த செல்வம் போகவில்லை. 1718இல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் அரசர் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரி யேல் ஆனது. அவர் கோட்டையில் அதிகாரத்தில் இருந்த காலத்தில் சென்னையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அடிமை முறையோடு தனக்கு இருந்த தொடர்புக்காக அந்தப் பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்டது. கொடை என்றால் அந்தப் பணம் யாருடைய உழைப்பு என்று கேட்காமல் நகரக் கூடாது என்பது என் எண்ணம். யேல் விஷயத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் நம் கடற்கரையில் இருக்கிறது.

இனி தோல் வாளிக்கு வருகிறேன். 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் அண்டை அயலாரும் சேர்ந்து யூனியன் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு உறுப்பினரும் தண்ணீர் இறைக்கத் தோல் வாளிகளும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை அள்ளி வெளியே கொண்டுவர முரட்டுத் துணிப் பைகளும் தம் செலவிலேயே வாங்கி வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும். தீ என்ற குரல் கேட்டதும் ஓட வேண்டும். வாளியைச் சரியாக வைத்திருக்காதவருக்கு அபராதம். குழு நிறைந்துவிட்டது, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்தவர்களிடம், நீங்களே இன்னொரு குழுவைத் தொடங்குங்கள் என்றார்கள். இப்படியே ஊர் முழுக்கக் குழுக்கள் முளைத்தன.

1751இல் பென்சில்வேனியா மருத்துவமனைக்குப் பணம் திரட்டியபோது பிராங்க்ளின் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார். மக்கள் 2000 பவுண்டு சேர்த்தால் சட்டமன்றம் இன்னொரு 2000 பவுண்டு தர வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். சேராது என்ற நம்பிக்கையில் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். தாம் தரும் ஒவ்வொரு பவுண்டும் இரண்டாகும் என்று தெரிந்த மக்கள் அந்தத் தொகையைச் சேர்த்தே விட்டார்கள். “நீங்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் நாங்களும் ஒரு டாலர் தருகிறோம்” என்று இன்றைக்கு வரும் வேண்டுகோள்களுக்கெல்லாம் மூலம் இதுதான்.

மதத்தின் பங்கைத் தனியே சொல்ல வேண்டும். மக்கள் ‘பக்திமான்கள்’, அதனால் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுவது போதாது. அமெரிக்க விடுதலைக்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தேவாலயங்களுக்கு வரிப்பணம் தருவதை நிறுத்தின. கடைசியாக நிறுத்தியது மாசசூசெட்ஸ், 1833இல். போதகரின் சம்பளம் முதல் கூரைப் பலகை வரை சபையார் கைக்காசில் நடக்க வேண்டிய நிலை. வாரம்தோறும் தட்டில் போடும் பழக்கம், கணக்கு எழுதும் பழக்கம், கமிட்டி போடும் பழக்கம் எல்லாம் மூலைமுடுக்கெல்லாம் பரவின. 1831இல் ஒன்பது மாதம் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சுக்காரர் தொக்வில், எதற்கெடுத்தாலும் சங்கம் அமைக்கும் இந்த மக்களைப் பார்த்து வியந்து எழுதினார்.

அப்படிச் சேர்ந்த காசு கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிஷன், நியூ இங்கிலாந்து சபைகளின் பணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியையும் உடுவில் பெண்கள் பள்ளியையும் நடத்தியது. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். பின்னாளில் வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனைக்கு நியூயார்க்கைச் சேர்ந்த வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகத் தந்தது பத்தாயிரம் டாலர். மதமாற்றம் அவர்கள் நோக்கங்களில் ஒன்று என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே கிடைத்த படிப்பும் மருத்துவமும் உண்மை என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபடி பிலடெல்பியா. 1793இல் மஞ்சள் காய்ச்சல் பரவி அந்த நகரத்தில் சுமார் 5000 பேர் இறந்தார்கள். பத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதி உள்ளவர்கள் ஓடிவிட்டார்கள். அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்ற ரிச்சர்டு ஆலனும் அப்சலோம் ஜோன்சும் 1787இல் தொடங்கியிருந்த சுதந்திர ஆப்பிரிக்கச் சங்கம் அப்போது முன்வந்தது. கறுப்பர்களுக்கு இந்த நோய் தொற்றாது என்று ஊரின் பெரிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ் நம்பினார். அது பொய்யாயிற்று, அவர்களும் இறந்தார்கள். ஆனாலும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். காய்ச்சல் அடங்கியதும் நன்றி கிடைக்கவில்லை. கறுப்பர்கள் கொள்ளை விலை கேட்டார்கள், திருடினார்கள் என்று ஒரு பதிப்பாளர் அச்சிட்டுப் பரப்பினார். ஆலனும் ஜோன்சும் 1794இல் வரவு செலவை அச்சிட்டே பதில் கொடுத்தார்கள். சவப்பெட்டிக்கு இவ்வளவு, ஆள்கூலிக்கு இவ்வளவு, வந்தது இவ்வளவு, எங்கள் கையிலிருந்து போனது சுமார் 177 பவுண்டு. இந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. உயிரைப் பணயம் வைத்தவர்கள் அதற்குப் பிறகு ரசீதும் காட்ட வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொண்டு பெரும்பாலும் பெண்களின் தோளில் நடந்தது. வாக்குரிமை இல்லாதவர்களுக்குச் சங்கமே பொதுவாழ்வின் வாசல். உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான ஊர்களில் பெண்கள் கட்டுத்துணியும் போர்வையும் தைத்து அனுப்பினார்கள். போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு உதவிய கிளாரா பார்ட்டன் 59ஆவது வயதில், 1881இல், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கினார். 1889இல் ஜான்ஸ்டவுனில் அணை உடைந்து 2209 பேர் மாண்டபோது அங்கே போய் ஐந்து மாதம் தங்கி வேலை செய்தார்.

அதே காலத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு போக்கும் வளர்ந்தது. 1877இல் பஃபலோ நகரில் தொடங்கிய ‘அறிவியல் முறைத் தர்மம்’ அது. ஏழைக்குக் காசு கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவான் என்று சொல்லி, நடுத்தர வர்க்கத்துப் பெண்களை வீடு வீடாக அனுப்பி, யார் உதவிக்குத் தகுதியானவர் என்று விசாரித்து அட்டையில் எழுதினார்கள். சமூகப்பணி ஒரு படிப்பாக வளர்ந்தது இதிலிருந்துதான் என்றாலும், பசித்தவனைக் குற்றவாளிபோல் விசாரித்தது தவறுதான். சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889இல் வேறு வழியைத் தேர்ந்தார். தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன், குடியேறிய ஏழைகள் வாழ்ந்த ஹால்ஸ்டெட் தெருவிலேயே ஹல் ஹவுஸில் குடியிருந்தார். குப்பை அள்ளாத தெருவின் நாற்றத்தை அவரும் முகர்ந்தார். அதனால்தான் குப்பைக்காகவும் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்காகவும் போராட முடிந்தது.

எஃகு முதலாளி கார்னகி, எண்ணெய் முதலாளி ராக்பெல்லர் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். கார்னகி பணத்தில் உலகெங்கும் எழுந்த நூலகங்கள் 2509. சிறுவனாகத் தந்திச் செய்தி சுமந்து திரிந்த காலத்தில் ஆண்டர்சன் என்பவர் சனிக்கிழமைகளில் தம் வீட்டுப் புத்தகங்களை உழைக்கும் சிறுவர்களுக்கு இரவல் தந்ததை அவர் மறக்கவில்லை. ஆனால் 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் தொழிலாளர் சங்கத்தை உடைக்கத் துப்பாக்கியோடு ஆள்கள் வந்ததும் அதே பணத்தின் கதைதான். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலை அருகே நிற்பவன் நூலகத்துக்கு எப்போது போவான்? ராக்பெல்லர் அறக்கட்டளைக்கு நாடாளுமன்றத்தில் அனுமதி கிடைக்கவில்லை. 1913இல் நியூயார்க் மாநிலத்தில் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே கொலராடோவில், ராக்பெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்த சுரங்க நிறுவனத்தின் வேலைநிறுத்தத்தில், தொழிலாளர் குடும்பங்கள் தங்கியிருந்த லட்லோ கூடாரங்கள் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். தேர்தலில் நிற்காத ஒரு பணக்காரர் மக்கள் நலனைத் தீர்மானிப்பது சரியா என்று அன்று அரசு ஆணையம் ஒன்று வெளிப்படையாக விசாரித்தது. அந்தக் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

பெரும் பணக்காரர்களில் எனக்கு மதிப்பு உள்ளவர் ஜூலியஸ் ரோசன்வால்டு, சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து, தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக 1932க்குள் ஏறத்தாழ 5000 பள்ளிகள் எழக் காரணமானவர். முழுப் பணத்தையும் அவர் தரவில்லை. ஊராரும் போட வேண்டும், அரசும் போட வேண்டும் என்பது விதி. அவர் தந்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தந்தது சுமார் 47 லட்சம். ஏற்கெனவே வரி கட்டியும் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைக்காதவர்கள் அவர்கள். பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலத்தில் பருத்தி விதைத்தார்கள், மரம் வெட்டித் தந்தார்கள், தாங்களே சுவர் எழுப்பினார்கள். அலபாமாவில் நடந்த ஒரு கூட்டத்தில், அடிமைக் காலத்தைக் கண்ட முதியவர் ஒருவர் எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய பையைச் சட்டைப்பையிலிருந்து மெல்ல எடுத்து மேசைமேல் கொட்டினார். ஆயுள் முழுதும் சேர்த்த 38 டாலர். தமக்கு இனி எதுவும் ஆகப் போவதில்லை, பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு வரட்டும் என்றார். ரோசன்வால்டின் நிதியும், அவர் விருப்பப்படி, அவர் இறந்த 25 ஆண்டுக்குள் முழுதும் செலவழிந்து 1948இல் மூடப்பட்டது. நிரந்தரமாக அதிகாரத்தில் உட்கார்ந்திருக்க அவர் ஆசைப்படவில்லை.

1930களின் பெருமந்தம் கொடையின் எல்லையைக் காட்டியது. நன்கொடையால் சமாளித்துவிடலாம் என்று அப்போதைய அதிபர் ஹூவர் நம்பினார். ஒரு கோடிக்கும் அதிகமானோர் வேலை இழந்தபோது சங்கங்களின் கஜானா சில மாதங்களில் வற்றியது. 1933இல் ரூஸ்வெல்ட் அரசு, பொதுப்பணத்தைப் பொது அமைப்புகளே நேராக வழங்க வேண்டும் என்று விதி செய்தது. பசிக்கான பொறுப்பு அரசுடையது என்பது அப்போதுதான் உறுதியானது.

அதே ரூஸ்வெல்ட் 39 வயதில் போலியோவால் கால்கள் செயலிழந்தவர். 1938இல் அவர் போலியோ ஒழிப்பு அமைப்பைத் தொடங்கியபோது, ஆளுக்கொரு பத்து சென்ட் நாணயத்தை நேரே வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று எடி கேன்டர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலியில் கேட்டுக்கொண்டார். தபால் அறை திணறிப்போனது. வந்து சேர்ந்தவை 26 லட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள். 1950 முதல் தாய்மார்கள் மாலையில் தெருத்தெருவாகப் போனார்கள். கொடுக்க விரும்பும் வீட்டார் வாசல் விளக்கை ஏற்றிவைப்பார்கள். அந்தக் காசில்தான் ஜோனஸ் சால்க்கின் ஆய்வு நடந்தது. 1954இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் தடுப்பூசிப் பரிசோதனையில் பங்கேற்றார்கள். 1955 ஏப்ரல் 12 அன்று ஊசி பலன் தருகிறது என்ற அறிவிப்பு வந்ததும் ஊர்களில் தேவாலய மணிகள் ஒலித்தன.

ரசீதே இல்லாத கொடையும் உண்டு. 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள், 381 நாள். அத்தனை பேரையும் வேலைக்கு அழைத்துப்போகக் காரும் பெட்ரோலும் வேண்டும். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர், வீட்டு வேலை செய்யும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுவலும் ‘பை’ (pie) என்ற இனிப்புப் பண்டமும் செய்து அழகு நிலையங்களிலும் சலவைக் கடைகளிலும் விற்றார். வெள்ளையர்களும் வாங்கினார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லலாமே என்று, குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராதோர் சங்கம்’ என்றே பெயர் வைத்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்கில் சாட்சி சொன்ன கில்மோருக்கு வேலை போனது. அதன் பிறகு சொந்த வீட்டு அடுப்பே அவருடைய உணவகம் ஆயிற்று.

இதைவிடத் தொலைவிலிருந்து தொலைவுக்குப் போன கொடை ஒன்று. 1831 முதல் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டு, நடந்த வழியில் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்த சாக்டா பூர்வகுடிகள், 1847இல் அயர்லாந்தின் பஞ்சத்தைக் கேள்விப்பட்டு 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். 2020இல் கொரோனா நவஹோ, ஹோப்பி பூர்வகுடிகளைத் தாக்கியபோது அயர்லாந்து மக்கள் அந்த 170 டாலரைச் சொல்லியே பணம் அனுப்பினார்கள்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். 2024இல் அமெரிக்காவில் தரப்பட்ட மொத்தக் கொடை சுமார் 59,250 கோடி டாலர். மூன்றில் இரண்டு பங்கு தனிமனிதர்கள் தந்தது. தொகை ஏறுகிறது, கொடுக்கும் கைகள் குறைகின்றன. 2000இல் குடும்பங்களில் 66 சதவீதம் ஏதாவது கொடுத்தன. 2018இல் பாதிக்குச் சற்றுக் கீழே. தொண்டில் 2021இல் 23 சதவீதமாகச் சரிந்த பங்கேற்பு 2023இல் 28 சதவீதமாக மீண்டிருக்கிறது. இந்தச் சரிவு எனக்குக் கவலை தருகிறது. இருபத்தாறு லட்சம் நாணயங்கள் செய்ததை ஒரே காசோலையும் செய்யும்தான். ஆனால் வாசல் விளக்கை ஏற்றிவைத்த தெருவை அது உண்டாக்காது.

நான் வாழும் சிற்றூரில் தீயணைப்பு நிலையத்தில் சம்பளத்துக்கு யாரும் இல்லை. நாடு முழுக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான், தன்னார்வலர்கள். சங்கு ஒலித்ததும் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடுகிறார் ஒருவர்; சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடுகிறார் இன்னொருவர். அவர்களின் சராசரி வயது ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்டது மனமுவந்த கொடையா என்று. மிசிசிப்பியின் ஹேட்டிஸ்பர்க் நகரில் ஓசியோலா மெக்கார்ட்டி என்ற மூதாட்டி இருந்தார். நோயுற்ற சித்தியைப் பார்த்துக்கொள்ள ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். மணம் முடிக்கவில்லை, கார் வாங்கவில்லை. வாழ்நாளெல்லாம் பிறர் துணிகளைக் கையால் துவைத்து, தேய்த்து, மிச்சத்தை வங்கியில் போட்டார். தம் காலத்துக்குப் பிறகு பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பேச வந்தபோது, வங்கி ஊழியர் புரியும்படி பத்து சென்ட் நாணயங்கள் பத்தை மேசையில் வைத்தார். ஒவ்வொன்றும் சொத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றைத் தேவாலயத்துக்கு என்றார். உறவினர் மூவருக்கு ஒவ்வொன்று. மீதி ஆறும் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு. ஒன்றரை லட்சம் டாலர். 1995இல் அது வெளியே தெரிந்தபோது அவருக்கு வயது 87. அவருடைய 57ஆவது வயது வரை, அதாவது 1965 வரை, அவர் நிறத்தில் பிறந்த எவரையும் மாணவராகச் சேர்க்காத பல்கலைக்கழகம் அது.